ரவை திண்மமா, திரவமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் போன வாரம் ரவை டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டே, "அப்பா, இது திரவம்தானே, ஊற்ற வருது, டப்பா வடிவத்துக்கும் வருது" என்றாள். திண்மத்துக்கு நிலையான வடிவம் உண்டு, திரவம் பாத்திரத்தின் வடிவத்தை எடுக்கும் என்று மனப்பாடம் செய்த பிள்ளை வேறென்ன சொல்லும்? ஒரே ஒரு ரவையை அவள் உள்ளங்கையில் வைத்து லென்ஸைக் கொடுத்தேன். எங்கே வைத்தாலும் அது அப்படியேதான் இருந்தது. அப்புறம் தட்டில் கொட்டிப் பார்த்தோம், ரவை குவிந்து நின்றது, தண்ணீர் பரவி ஓடியது. சரி, புரிந்துவிட்டது.

வகுப்பில் கேட்டபோது "புத்தகத்தில் இருப்பதை எழுது" என்றார்களாம். பாடத்தை முடிக்கிற அவசரம் அவர்களுக்கு, தெரியும். ஆனாலும் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறைவதையும், மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் கட்டியாக நிற்பது வெயிலில் வைத்ததும் இளகுவதையும், திறந்து வைத்த சூடம் திரவமாகாமலே காற்றோடு போவதையும் காட்ட ஆய்வகமா வேண்டும்? 'மூன்று எடுத்துக்காட்டு தருக' என்பதை விட்டுவிட்டு 'மாவு எதில் சேரும், ஏன்?' என்று தேர்வில் ஒரு கேள்வி கேட்கட்டுமே.

- ஒரு தந்தை, மதுரை