மாட்ரிடிலிருந்து செவில்லாவுக்கு ஒரு பகல்: மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். ஜூன் முதல் வாரத்தில் உங்கள் ஓய்வூதியர் குழு ஸ்பெயினில் மேற்கொள்ளவிருக்கும் பயணத்தின் நிரலைப் படித்தேன். மூன்றாம் நாளைத் தவிர மற்றவை சரியாகவே இருக்கின்றன. அன்று காலை மாட்ரிடை விட்டுக் கிளம்பி, டொலேடோவைச் சுற்றிப் பார்த்து, கோர்டோபாவின் மசூதிப் பேராலயத்தையும் பார்த்துவிட்டு, இரவு உணவுக்குச் செவில்லா சேர்வதாகப் போட்டிருக்கிறார்கள். மூன்று ஊர்களும் தெற்கு நோக்கித்தான் இருக்கின்றன. ஆனாலும் அந்த நாளிலிருந்து டொலேடோவை எடுத்துவிடச் சொல்லுங்கள். குழுவாகப் போகும் மற்றவர்களுக்கும் உதவலாம் என்பதால் இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

தூரத்தைவிட ஓட்டுநரின் வேலை நேரமே இங்கே முக்கியம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, நாலரை மணி நேரம் பேருந்து ஓட்டியவர் 45 நிமிடம் இடைவேளை எடுத்தாக வேண்டும் (அதைப் பிரித்தும் எடுக்கலாம்). நாளொன்றுக்குப் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் வழக்கமாக 11 மணி நேரத் தொடர் ஓய்வும் வேண்டும். வண்டியில் பொருத்தியுள்ள டாக்கோகிராஃப் கருவி எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டே வரும். காலை எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கியவர் இரவு ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும் என்றால், நீங்கள் இறங்கி ஊர் பார்க்கும் நேரமும் அந்த 13 மணி நேரத்தில்தான் கழிகிறது. "இன்னும் அரை மணி நேரம்" என்று கேட்டால் அவர் தலையாட்ட மாட்டார். பிடிவாதக்காரர் என்று நம்மவர்கள் முணுமுணுப்பார்கள். விதியை மீறினால் மாட்டிக்கொள்வது அவரல்லவா?

மாட்ரிடிலிருந்து கோர்டோபா சுமார் 400 கிலோமீட்டர். ஸ்பெயினின் நெடுஞ்சாலைகளில் பேருந்துக்கு மணிக்கு 100 கிலோமீட்டர்தான் உச்சவரம்பு. எட்டு மணிக்குக் கிளம்பி வழியில் அரை மணி நேரம் நின்றால், மதியம் ஒரு மணி வாக்கில் போய்ச் சேரலாம். டொலேடோவோ, தாகஸ் ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓடும் குன்றின் மேல் இருக்கிறது. பேருந்தைக் கீழே விட்டுவிட்டு, நகரும் படிக்கட்டில் ஏறி, மேடும் பள்ளமுமான சந்துகளில் நடக்க வேண்டும். வயதானவர்கள் உள்ள குழுவுக்கு இரண்டு மணி நேரம் எந்த மூலைக்கும் போதாது. மாட்ரிடிலிருந்து அரை மணி நேர ரயில் பயணம்தான் என்பதால், முந்தைய நாளில் அதற்கெனத் தனியாக ஒரு பொழுதை ஒதுக்கிவிடலாம்.

இந்த ஏ-4 நெடுஞ்சாலையில் பாதி வழி வரை லா மாஞ்சாவின் தட்டையான வயல்களும் திராட்சைத் தோட்டங்களுமாக இருக்கும். அங்கே யார் தூங்கினாலும் விட்டுவிடுங்கள், தெஸ்பெனியாபெரோஸ் கணவாய் வரும்போது மட்டும் எழுப்பிவிடுங்கள். பாறைகளுக்கிடையே சாலை இறங்கியதும் ஸ்பெயினின் தென்பகுதியான அண்டலூசியா தொடங்குகிறது. அதன் பிறகு குன்றுக்குக் குன்று வரிசை பிசகாமல் ஆலிவ் மரங்கள்தாம். ஹாயென் மாகாணத்தில் மட்டும் 6 கோடிக்கும் மேல் இருக்கின்றன.

கோர்டோபாவில் முதலில் சாப்பிட்டுவிடுங்கள். ஒன்றரை மணிக்கு முன்னால் பல சமையலறைகள் திறப்பதில்லை. நாலு மணிக்கு மேல் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள். தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்துக் குளிரவைத்த சால்மொரெஹோ அந்த ஊருக்கே உரியது, ஆனால் மேலே பன்றி இறைச்சித் துணுக்குகளும் முட்டையும் தூவித் தருவார்கள். சைவர்கள் "சின் ஹாமோன், சின் உவேவோ" (பன்றி இறைச்சி வேண்டாம், முட்டை வேண்டாம்) என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தேன் ஊற்றிய கத்தரிக்காய் வறுவலை எல்லோரும் தாராளமாகக் கேட்டு வாங்கலாம்.

மசூதிப் பேராலயத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் கொடுங்கள். எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரை ஆண்ட முதலாம் அப்துர் ரஹ்மான் மசூதியாகத் தொடங்கிய கட்டடம், 1236-இல் நகரம் கிறித்தவர் கைக்கு மாறியபோது தேவாலயமாயிற்று. 1523-இல் அதன் நடுவில் ஒரு பேராலயத்தையே எழுப்பத் தொடங்கினார்கள். 850-க்கும் மேற்பட்ட தூண்களில் பழைய பகுதியில் இருப்பவற்றை நின்று பாருங்கள். இடிந்த ரோமானிய, அவர்களுக்குப் பின் ஆண்ட விசிகோதியரின் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை பல என்பதால் நிறமும் தலைப்பகுதியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. தூண்கள் குட்டை, கூரையை உயர்த்துவதற்காகவே வளைவின் மேல் இன்னொரு வளைவை, சிவப்புச் செங்கல்லும் வெளிர் கல்லும் மாறிமாறி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், நடுவில் இருக்கும் பேராலயத்தைவிட இந்த வளைவுகளுக்காகத்தான் போக வேண்டும்.

ஆறு மணிக்குள் கிளம்பினால் 140 கிலோமீட்டரில் செவில்லா. ஜூனில் ஒன்பதரை மணிக்கும் அங்கே வெளிச்சம் இருக்கும். அங்குள்ள பழைய பகுதியான சாந்தா குரூஸின் சந்துகளுக்குள் பேருந்து நுழையாது, அதனால் பெட்டியோடு கல்பாவிய தெருவில் நடக்காமலிருக்க, வாசல்வரை வண்டி வரும் விடுதியாகக் கேளுங்கள். நிரல் உறுதியாகுமுன் டொலேடோ, விடுதி ஆகிய இந்த இரண்டு மாற்றங்களையும் ஏற்பாட்டாளரிடம் எழுத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
தங்கள் மருமகன்