ஓநாய் கடித்துச் செத்தவளுக்கு

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் இருமல் ஒருவழியாக விட்டது. மாடியில் வைத்த கறிவேப்பிலைக் கன்று துளிர்த்திருக்கிறது, நீ வரும்போது பறிக்கலாம்.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு நீ அனுப்பிய செய்தியைக் காலையில்தான் பார்த்தேன். "அம்மா, ஒரே ஒரு ஓநாய் கடிச்சு செத்துட்டேன். இதையா நீ ஒரு வருஷம் விளையாடினே?" ஆமாம், இதைத்தான். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு விளையாடு.

நீ விளையாடும் இந்த 'பால்டர்ஸ் கேட்' கணினி விளையாட்டு 1998 டிசம்பரில் வெளிவந்தது. கனடாவில் எட்மன்டன் ஊரில் இருக்கும் பயோவேர் நிறுவனம் செய்தது. என் கைக்கு வந்தது 2001இல், உன் மாமா ஐந்து சிடியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தபோது. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போனால் அடுத்த சிடியைப் போடச் சொல்லும். இப்போது நீ வாங்கியிருப்பது 2012இல் புதுப்பித்து வெளியிட்டது. சிடி மாற்றும் தொல்லை கிடையாது. மற்றபடி அதே காடு, அதே ஓநாய்.

நீ மந்திரவாதியாக ஆரம்பித்திருக்கிறாய். அதுதான் முதல் விஷயம். முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி நான்கு. ஓநாய் இரண்டு கடி கடித்தால் கதை முடிந்தது. கூட வருகிறவர்கள் செத்தால் கோயிலில் காசு கட்டி எழுப்பலாம். உன் ஆள் செத்தால் ஆட்டமே முடிந்தது. அதனால் நீ முன்னால் போகவே கூடாது, எப்போதும் வரிசையில் கடைசி ஆளாக நில். இன்னும் முதல் காட்டைத் தாண்டவில்லை என்றால் ஆளை மறுபடியும் புதிதாகவே செய்துவிடு. குணங்களுக்குப் பகடை உருட்டும் இடத்தில் பொறுமை வேண்டும். முதலில் வந்த எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளாதே. மொத்தம் 85க்கு மேல் வரும் வரை உருட்டு, நல்லதாக ஒன்று வந்தால் சேமித்து வைத்துக்கொண்டு மேலும் உருட்டிப் பார். அறிவு 18, கைவேகம் 18, உடல்வலு (கான்ஸ்டிட்யூஷன்) 16. உடல்வலு 16க்கு மேல் போட்டால் மந்திரவாதிக்கு வீண், அதற்கு மேலே உள்ள பலன் சண்டைக்காரர்களுக்குத்தான். கைவேகம் 18 இருந்தால் கவசம் இல்லாமலே அடி தப்பும்.

அப்புறம் அந்த 'தாக்கோ', அடி எதிரி மேல் விழுமா என்று கணக்குப் பார்க்கும் எண். நீ கேட்பாய் என்று தெரியும், எல்லோரும் கேட்பார்கள். பழைய பகடை விதியிலிருந்து வந்தது. இதில் கவச எண் குறையக் குறைய நல்லது, அதுதான் எல்லோரையும் குழப்புவது. உன் தாக்கோவிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழி. வருவதுதான் இருபது முகப் பகடையில் உனக்கு விழ வேண்டிய எண். தாக்கோ 20, எதிரியின் கவசம் 3 என்றால் 17 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். கவசம் 10 என்றால் 10 போதும். தாக்கோ குறைந்தால் சந்தோஷப்படு, கவச எண் குறைந்தாலும் சந்தோஷப்படு. அவ்வளவுதான் கணக்கு. நான் இதைப் புரிந்துகொள்ள மூன்று வாரம் ஆனது, அதுவரை நல்ல கவசத்தையெல்லாம் விற்றுக்கொண்டிருந்தேன்.

சரி, இப்போது வழி. ஆட்டம் தொடங்கும் கேண்டில்கீப்பை விட்டுப் புறப்படும் முன்பு உள்ளே ஆட்கள் சொல்லும் சின்னச் சின்ன வேலைகளையெல்லாம் முடித்துக் காசு சேர். வெளியே வந்ததும் நடப்பது நடக்கும், அதை நான் சொல்ல மாட்டேன். மறுநாள் காலை உன் தோழி இமோயன் வந்து சேர்வாள். அவளை விடாதே. பூட்டு திறப்பாள், பொறி கண்டுபிடிப்பாள், வில் விடுவாள். அடுத்து வழியில் இரண்டு பேர் வந்து பேசுவார்கள், ஒருத்தன் கிறுக்கன் மாதிரி பேசுவான். கெட்டவர்கள்தான், ஆனால் ஓநாய்க்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. விடுதி போய்ச் சேரும் வரை கூட வைத்துக்கொண்டால் தப்பில்லை. அங்கே இங்கே சுற்றாமல் சாலையைப் பிடித்து நேராக வடக்கே ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதிக்குப் போ.

விடுதிப் படிக்கட்டில் ஒருவன் நிற்பான். பெயர் டார்னேஷ். இனிக்க இனிக்கப் பேசி உன் பெயரைக் கேட்பான். இங்கேதான் பாதிப் பேர் ஆட்டத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள். அவன் பேசி முடித்த அடுத்த நொடி ஸ்பேஸ் பட்டனை அழுத்து.

இந்த ஸ்பேஸ் பட்டனைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். அதை அழுத்தினால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். அம்பு அந்தரத்தில் நிற்கும், தூக்கிய வாள் தூக்கினபடி நிற்கும். நீ ஆற அமர ஒவ்வொருவரிடமும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு மறுபடி அழுத்தினால் ஓடும். நீ அப்போது கைக்குழந்தை. தூளிக் கயிறு என் கால் கட்டைவிரலில் மாட்டியிருக்கும், கை சுட்டெலியில் இருக்கும். நீ சிணுங்கினால் ஸ்பேஸ். உனக்குப் பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, தூங்க வைத்துவிட்டு வந்து பார்த்தால் ஆட்டத்தில் வரும் குட்டிப் பிசாசுகள் ஓங்கிய ஈட்டியோடு எனக்காகக் காத்திருக்கும். வேறு எந்த விளையாட்டையும் அந்த வருஷம் நான் விளையாடியிருக்க முடியாது. வீட்டிலே சொன்ன பேச்சைக் கேட்டு அசையாமல் நின்றது அது ஒன்றுதான்.

அதனால் ஒரு சண்டையில் இருபது தடவை நிறுத்தினாலும் வெட்கப்படாதே. அமைப்புகளில் எதிரியைப் பார்த்ததுமே தானாக நிற்கும்படி வைக்கலாம், அதை முதலில் செய். ஒரு சுற்று என்பது ஆறு விநாடி. மந்திரம் சொல்லி முடிக்கவும் நேரம் பிடிக்கும். சொல்லிக்கொண்டிருக்கும்போது அடி விழுந்தால் மந்திரம் கலைந்துவிடும். உனக்கும் அதே விதி, டார்னேஷுக்கும் அதே விதி. ஆகவே நிறுத்தின கையோடு இமோயனை அவன் மேல் அம்பு விடச் சொல், மற்றவர்களையும் எறிவதை எறியச் சொல். அவன் வாயில் மந்திரம் வர விடாதே. பயமுறுத்தும் மந்திரத்தை முடித்துவிட்டான் என்றால் உன் ஆட்கள் சிதறி ஓடுவார்கள், ஒன்றும் செய்ய முடியாது. அருகில் காவலர்கள் இருப்பார்கள், அவர்கள் வந்து சேரும் வரை தாக்குப்பிடித்தாலும் போதும்.

உள்ளே காலித், ஜஹீரா இருவரும் இருப்பார்கள். புருஷன் பெண்டாட்டி. அவன் திக்குவான், அவள் அதட்டுவாள். இருவரையும் சேர்த்துக்கொள். ஒருவரைப் போகச் சொன்னால் இன்னொருவரும் கிளம்பிவிடுவார், ஞாபகம் இருக்கட்டும். நாஷ்கெல் சுரங்கத்துக்குப் போகலாம் என்று நச்சரிப்பார்கள். ரொம்ப நாள் கடத்தினால் கோபித்துக்கொண்டு போயேவிடுவார்கள்.

மந்திரம் எதை மனப்பாடம் செய்வது என்று கேட்டிருந்தாய். மாய அம்பு என்று போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. முதல் லெவலில் அது ஒரே ஒரு அம்பு, யானைப் பசிக்குச் சோளப்பொரி. தூக்க மந்திரத்தைப் போடு. ஒரு கும்பலையே சாய்க்கும். தூங்குகிறவன் மேல் அடி தவறாது. லெவல் கூடின எதிரிகளிடமும் பிணங்கள் எலும்புக்கூடுகளிடமும் பலிக்காது, கூர்க்காது எல்ஃப்களிடம் பெரும்பாலும் பலிக்காது. மற்றபடி முதல் பாதி ஆட்டத்துக்கு இது போதும். ஒரு தடவை சொன்னால் தீர்ந்தது, மறுபடி படுத்துத் தூங்கி எழுந்தால்தான் வரும். அதுவும் முந்தின ராத்திரியே எது வேண்டும் என்று முடிவு செய்திருக்க வேண்டும். நாளைக்கு இட்லி என்றால் இன்றைக்கே ஊறப்போட வேண்டும், காலையில் எழுந்து ஆப்பத்துக்கு ஆசைப்பட்டால் நடக்காது. காட்டில் படுத்தால் நடுராத்திரி எவனாவது வருவான். விடுதியில் காசு கொடுத்துப் படு. காசு மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று பிசாசு நடமாடும் இடத்தில் படுக்காதே. நீ புதிதாகத் தங்கியிருக்கும் அறைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாள் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் இந்த விளையாட்டில் வில்தான் ராஜா. வில்லால் ஒரு சுற்றில் இரண்டு அம்பு விடலாம். உன் கூட்டத்து ஆறு பேரில் நான்கு பேருக்காவது வில்லோ கவணோ கொடு. எதிரி உன்னிடம் நடந்து வருவதற்குள் பாதி செத்திருப்பான். இன்னொன்று, கதையிலேயே இரும்புக்குப் பஞ்சம், கெட்ட இரும்பு. மந்திரம் ஏறாத வாள் சண்டை நடுவே பட்டென்று உடையும். காலித்துக்கு மாற்று வாள் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

நாஷ்கெல் சுரங்கம்தான் எனக்கு மறக்காது. உள்ளே முழுக்கக் கோபோல்டுகள், நாய் மூஞ்சிக் குள்ளர்கள். கீழே போகப் போகத் தீ அம்பு விடுவார்கள். பாதை குறுகல், ஆறு பேரும் வரிசையாக நின்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். இமோயனை முன்னால் அனுப்பிப் பொறி தேடவிட்டு, காலடி காலடியாகப் போனேன். அடித்தளத்தில் முலாஹே என்று ஒருவன். பார்த்ததும் சரணடைகிறேன் என்று காலில் விழுவான். நம்பாதே, ஆட்களைக் கூப்பிடத்தான் அந்த நடிப்பு. எலும்புக்கூடுகளும் கோபோல்டுகளும் வந்து சூழ்ந்துகொள்ளும். நாலு தடவை செத்து ஐந்தாவது தடவை ஜெயித்தேன். கடைசி அடியில் அவன் விழுகிறான், நான் கையை உதறிக்கொண்டு சிரிக்கிறேன், கரண்ட் போய்விட்டது. இரண்டரை மணி நேரமாகச் சேமிக்கவே இல்லை. இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி நின்றதில் நீ வேறு எழுந்துவிட்டாய்.

கியூ பட்டனை அழுத்தினால் உடனே சேமிக்கும். கதவைத் திறக்கும் முன்பு கியூ, புது ஆளிடம் பேசும் முன்பு கியூ. அதோடு தனியாக இரண்டு மூன்று இடங்களிலும் சேமித்து வை, ஒன்றையே மேலே மேலே எழுதாதே.

நாஷ்கெல்லில் மின்ஸ்க் கிடைப்பான். கையில் ஒரு வெள்ளெலி வைத்துக்கொண்டு அதோடு பேசுவான். அவன் தோழி டைனாஹீரை மேற்கே ஒரு கோட்டையில் பிடித்து வைத்திருக்கிறார்கள், மீட்க வேண்டும். தள்ளிப்போட்டால் பொறுமை இழந்து உன்னையே அடிப்பான். அதே ஊரில் எட்வின் என்று ஒருவன் அந்த டைனாஹீரைக் கொல்லச் சொல்லிக் கேட்பான். திறமைசாலி, ஆனால் வாய் பொறுக்காது. இருவரையும் ஒரே கூட்டத்தில் வைக்கப் பார்க்காதே, நான் பார்த்தேன்.

கிடைத்த நகையையெல்லாம் மாட்டிக்கொள்ளும் உன் புத்தியையும் இங்கே அடக்கு. சாலைப் பக்கம் ஓகர் என்ற ராட்சதன் ஒருவன் இரண்டு இடுப்புக் கச்சையோடு திரிவான். அதில் ஒன்று நல்லது, இன்னொன்று சபிக்கப்பட்டது. போட்டால் ஆண் பெண்ணாவான், பெண் ஆணாவாள், கழற்றவும் வராது. எதையும் இன்னதென்று கண்டறிந்த பிறகே போடு.

பெரெகோஸ்ட் ஊருக்குக் கிழக்கே கல் சிலைகள் நிற்கும் ஓர் இடம் உண்டு. அங்கே பாசிலிஸ்க் என்ற மிருகம் இருக்கிறது, பார்த்தாலே கல்லாகிவிடுவாய். கல்லாகாமல் காக்கும் மந்திரம் முதல் லெவலிலேயே இருக்கிறது, அது இல்லாமல் கால் வைக்காதே. இருந்தால் லாபம்தான். சின்னதைக் கொன்றால் 1,400 அனுபவப் புள்ளி, பெரியதற்கு 7,000. ஆரம்பத்தில் அது கொள்ளை.

சமாளிக்க முடியாவிட்டால் ஓடு. ஆனால் ஓர் ஊரைவிட்டு வெளியேற வேண்டுமென்றால் ஆறு பேரும் ஓரிடத்தில் கூட வேண்டும். ஒருவர் பின்தங்கினாலும், கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு வா என்று ஒரு கனத்த குரல் அதட்டும். உனக்கு அந்தக் குரல் புதிதில்லை. கல்யாணத்துக்குக் கிளம்பும்போது நீ சீப்பைத் தேடிக்கொண்டிருப்பாய், அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று "கூட்டம் சேரட்டும், அப்புறம் புறப்படலாம்" என்பாரே, எங்கிருந்து பிடித்தார் என்று நினைத்தாய்? என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டுக் கேட்டு வந்தது.

கடைசியாக ஒன்று. செத்தவரை எழுப்பலாம் என்றேன் அல்லவா, எப்போதும் முடியாது. அடி ரொம்பப் பலமாக விழுந்தால் உடம்பு சிதறிவிடும், எந்தக் கோயிலாலும் எழுப்ப முடியாது. என் ஆட்டத்தில் காலித் அப்படித்தான் போனான். அன்றைக்குப் பழைய சேமிப்புக்குப் போயிருக்கலாம். ஏனோ போகவில்லை. ஜஹீராவை வைத்துக்கொண்டே மிச்ச ஆட்டத்தை முடித்தேன். அவன் கேடயத்தை விற்க மனசு வராமல் அவள் பையிலேயே கடைசி வரை கிடந்தது. அப்பா கேட்டார், "பொம்மைதானே, எதுக்கு இவ்வளவு?" பதில் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. டார்னேஷை எத்தனையாவது தடவையில் கொன்றாய் என்று சொல். எனக்குப் பதினொன்று ஆனது. அதைவிடக் குறைவாக இருந்தால் அப்பாவிடம் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா