சரவணனுக்கு, அம்மா எழுதுவது

சரவணா,

நீ அனுப்பிய போட்டோ வந்தது. பாப்பாவுக்கு இந்த மாதமும் கையில் உறை, தலையில் குல்லா. குளிர் என்கிறாள் கவிதா. ஜூலையில் என்னடா குளிர்? "மண்டை எலும்பு கொஞ்சம் சீக்கிரம் ஒட்டிடுச்சும்மா" என்று நீ சொன்ன அன்றைக்கு எஃப்ஜிஎஃப்ஆர்2 என்ற மரபணுவின் பெயரும் வாய்தவறி வந்தது. அதற்குப் பிறகு எது கேட்டாலும் "ஓகேம்மா". காலமெல்லாம் விலங்கியல் நடத்தியவளிடம் மறைத்து என்ன பயன்? எல்லாம் தேடிப் படித்துவிட்டேன்.

மண்டை ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் தையல் கோட்டில், எலும்பாகாமல் காத்திருக்கும் செல்கள் உண்டு. எஃப்ஜிஎஃப் என்ற வளர்ச்சிப் புரதம் வந்து அவற்றின் மேலிருக்கும் ஏற்பியில் (நீ சொன்ன எஃப்ஜிஎஃப்ஆர்2 அதுதான்) சேர்ந்தால், இஆர்கே என்ற புரதத்தின் வழியாக உள்ளே செய்தி போய் அவை எலும்புச் செல்லாக மாறும். நம் பாப்பாவுக்கு இருப்பதற்கு ஏபெர்ட் நோய் என்று பெயர். அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் அந்த ஏற்பியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும்: 252ஆம் இடத்தில் செரீனுக்குப் பதில் ட்ரிப்டோஃபேன், அல்லது 253இல் புரோலினுக்குப் பதில் ஆர்ஜினின். அவ்வளவுதான். அந்த ஏற்பி எஃப்ஜிஎஃபை இறுகப் பிடித்துக்கொண்டு சுலபத்தில் விடுவதில்லை. செய்தி ஓயாமல் போக, மூளை வளர்ந்து முடிவதற்குள் தையல் மூடிவிடுகிறது. விரல்கள் ஒட்டிப் பிறப்பதும் அதே ஏற்பியால்தான். அதனால் என்னிடம் உறை போட்டு மறைக்காதே.

திருச்சி சித்தி போன் போட்டு, கிரகணத்தன்று வெளியே போனாயா என்று கவிதாவைக் கேட்டாளாம். சித்தியை நன்றாகக் கேட்டுவிட்டேன். இனி யாராவது அந்தப் பெண்ணிடம் இப்படிப் பேசினால் நீ வாயைத் திறக்கவேண்டும். வாயைத் திறக்கவேண்டும், சரவணா. நீ மௌனமாக இருந்தால் அவள் என்ன நினைப்பாள்?

உன் மௌனத்துக்குக் காரணமும் எனக்குத் தெரிகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் வில்க்கி என்ற ஆராய்ச்சியாளரின் குழு 1995இல் இந்த மாற்றத்தைக் கண்டது. அடுத்த வருஷம் 57 குழந்தைகளைப் பார்த்தார்கள். 57 பேரிலும் அது அப்பாவிடமிருந்து வந்த மரபணுப் பிரதியில்தான் இருந்தது. விந்தணுவை உண்டாக்கும் செல்லில் அந்த மரபணுவின் ஓர் எழுத்து அப்படி மாறிவிட்டால், அது பக்கத்துச் செல்களை முந்திக்கொண்டு பெருகும். வயது ஏற ஏற அப்படிப்பட்டவை கூடும். இதை நீயும் படித்திருப்பாய். படித்துவிட்டு 41 வயதில் அப்பா ஆனதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

நீ ஏன் காத்திருந்தாய் என்று இந்த வீட்டுக்குத் தெரியும். இரண்டு தங்கைகளையும் கரையேற்றிவிட்டுத்தான் உன் கல்யாணப் பேச்சையே எடுக்க விட்டாய். அப்படி ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும்? அதைக் குற்றமாக நீ எண்ணினால் எனக்குத் தாங்காது. 25 வயது அப்பாவுக்கும் இது நேர்கிறது. உன்னைவிட மூத்த வயதில் அப்பா ஆனவர்களிலும் ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்வதில்லை. நீ செய்ததால் வந்ததில்லை, கவிதா செய்ததாலும் வந்ததில்லை. அவளிடம் இதை உட்கார்ந்து பேசு.

2007இல் எலிக் குட்டிகளுக்குக் கருவிலேயே மருந்து கொடுத்து, இஆர்கே வழியை அடைத்து, தையல் மூடாமல் காத்திருக்கிறார்கள். படித்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மருந்தாக அது வரவில்லை. இன்றைக்கு ஆபரேஷன்தான் வழி. பெரிய ஆபரேஷன் என்று பயந்து தள்ளிப்போடாதே. அதுவரை தலைச் சுற்றளவை அளக்கச் சொல். மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறதா என்று கண் நரம்பைப் பார்க்கச் சொல். தூக்கத்தில் மூச்சு முட்டுகிறதா என்று நீயே பக்கத்தில் படுத்துக் கவனி. தள்ளிப்போடாதே.

தண்ணீர்த் தொட்டி, வாடகை விஷயமெல்லாம் பிறகு எழுதுகிறேன். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டேன். ஆபரேஷன் தேதி தெரிந்ததும் விசாவுக்கான கடிதத்தை அனுப்பு. நீங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வீட்டில் சமைக்க ஒரு ஆள் வேண்டாமா?

அன்புடன்,
அம்மா