பிளாக் (மெழுகில் பதித்த கட்டித் திசு) வெட்டித் தந்தவர்களுக்கும், அதைப் பத்திரமாகக் கொண்டுவந்தவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியவர்களுக்கு இன்று ஆளுக்கு ஒரு மாதிரி சிகிச்சை எழுதுகிறோம். அந்த முடிவுக்கு ஆதாரம் தந்த உங்கள் பெயர் எந்த மருந்துச் சீட்டிலும் வருவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி ஆபரேஷன் தியேட்டர் செவிலியர்களுக்கு. திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் மணிக்கு ஏறக்குறைய 1 மி.மீ.தான் திசுவுக்குள் இறங்கும். அதற்காகவே குடலைத் திறந்து, கழுவி, திசுவைப் போல் பத்து மடங்கு ஃபார்மலினில் போடுகிறீர்கள். சலைனில் கிடந்தால் செல்கள் சிதையும். 72 மணி நேரத்துக்கு மேல் ஃபார்மலினில் ஊறினால் டிஎன்ஏ நொறுங்கும். பொங்கல் விடுமுறையிலும் லேபுக்கு வந்து திசுவை அடுத்த கட்டத்துக்கு மாற்றியவர்களே, உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

அடுத்து, நோய்க்குறியியல் லேப் டெக்னீசியன்களுக்கு. சாயமேற்றிய ஸ்லைடில் டாக்டர் பேனாவால் கட்டியைச் சுற்றி வட்டமிடுவார். பக்கத்து ஸ்லைடுகளில் அந்த வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் மரபணுச் சோதனைக்காகச் சுரண்டி எடுப்பீர்கள். ஒரு நோயாளியின் திசு அடுத்தவருடையதோடு கலக்காமலிருக்க பிளேடை மாற்றுவீர்கள். இந்தச் சுரண்டல்தான் எல்லாம். புற்றில்லாத திசு அதிகம் சேர்ந்து புற்றுச் செல்கள் 20 சதவீதத்துக்குக் கீழே போனால், இருக்கிற ராஸ் மரபணு மாற்றமும் 'இல்லை' என்று ரிப்போர்ட்டில் வந்துவிடலாம். அதை நம்பி, ராஸ் மாற்றம் இருந்தால் பலிக்காத செடுக்சிமாப் மருந்தைக் கொடுத்தால் முகமெல்லாம் கொப்புளம் வரும், கட்டி மட்டும் அசையாது. 'திசு போதாது, வேறு பிளாக் அனுப்புங்கள்' என்று நீங்கள் தயங்காமல் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் நன்றி.

கீமோ தொடங்கும் முன்பே கல்லீரல் எம்ஆர்ஐ எடுத்து, ஒவ்வொரு கட்டியையும் இடம் குறித்து வைத்த ஸ்கேன் பிரிவினருக்கும் நன்றி. கீமோவுக்குப் பிறகு சில கட்டிகள் படத்திலிருந்து மறைந்துவிடும். மறைந்த இடத்தில் உயிருள்ள செல்கள் பல சமயம் மிச்சமிருக்கும். பழைய படம் இல்லையென்றால் சர்ஜன் எதைத் தேடுவார்? வெட்டிய பின் மிஞ்சும் கல்லீரலையும் நீங்கள்தான் அளந்து சொல்கிறீர்கள்: ஆரோக்கியமான கல்லீரலுக்கு 20 சதவீதம் போதும், நீண்ட கீமோ பார்த்ததற்கு 30 வேண்டும்.

கடைசியாக, நோயாளிகளின் குடும்பத்தாருக்கு. முதலில் ஆபரேஷன் நடந்த ஊருக்குத் திரும்பப் போய், கையெழுத்துப் போட்டு, தீப்பெட்டி அளவுகூட இல்லாத மெழுகு பிளாக்கை வாங்கி, வெயில் படாமல் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். ராஸ் சோதனைக்குப் பெரும்பாலும் அந்தக் குடல் பிளாக்கே போதும். வெட்டி எடுக்கக்கூடிய கல்லீரல் கட்டியில் ஊசி குத்தினால், ஊசி போன வழியில் புற்றுச் செல்கள் விதைபடும் ஆபத்து உண்டு. நீங்கள் பட்ட அலைச்சலால் அந்த ஊசி தவிர்ந்தது.

மீதமுள்ள பிளாக்கை லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் எம்எஸ்ஐ, ஹெர்-2 (வேறு மருந்துகள் பொருந்துமா என்று காட்டும் சோதனைகள்) பார்க்கவும் அதுவே உதவும்.

நன்றியுடன்,
குடல்–கல்லீரல் புற்றுநோய் சிகிச்சைக் குழுவினர்