காற்றைச் சொல்கிறீர்கள், தண்ணீரையும் சொல்லுங்கள்

கடற்றொழில் அமைச்சுக்கும் வளிமண்டலவியல் திணைக்களத்துக்கும் யாழ்ப்பாணம் வடமராட்சி கிழக்கிலிருந்து ஒரு திறந்த மடல்.

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

நான் கடற்றொழிலாளி ஒருவரின் மகள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில் என் குஞ்சியப்பாவும் அவருடைய கூட்டாளியும் போன படகின் இயந்திரம் நடுக்கடலில் நின்றுவிட்டது. அப்போது வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று இன்னும் வீசத் தொடங்கவில்லை. நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றை நம்பி எங்கள் ஊர்ப் படகுகள் இரண்டு நாள் வடகிழக்கே தேடின. மூன்றாம் நாள் காலை, வெகு தெற்கே, செம்மலைக்கு நேரே முல்லைத்தீவுப் படகொன்று அவர்களைக் கண்டது. உதடு வெடித்து, பேச்சு வராமல், ஆனால் உயிரோடு இருந்தார்கள். "தண்ணீர் தெற்கே திரும்பிவிட்டது என்று உங்கள் அப்பப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்" என்றார் அப்பம்மா.

எங்கள் கரையில் நீரோட்டத்தைத் தண்ணீர் என்றுதான் சொல்வார்கள். அது அங்கே வீசும் காற்றுக்கு மட்டும் கட்டுப்பட்டதல்ல. வங்கக் கடலின் மேற்குக் கரையோர நீரோட்டம் மாசி முதல் வைகாசி வரை வடக்கே ஓடுகிறது. ஐப்பசியில் தெற்கே திரும்பி, கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய உப்புக் குறைந்த நீரையும் கூட்டிக்கொண்டு இலங்கையின் கிழக்குக் கரைவரை வருகிறது. வாடைக்காற்று வலுப்பதற்கு முன்பே இது திரும்பிவிடுகிறது. பூமத்திய ரேகைப் பக்கம் எழும் நீண்ட அலைகள் வங்கக் கடலின் விளிம்பையே சுற்றி ஊர்ந்து வந்து இதற்குத் துணைபோகின்றன. அது வினாடிக்கு அரை மீற்றர் ஓடினாலே ஒரு நாளில் 43 கிலோமீற்றர். தேடுகிறவன் எங்கே, மிதக்கிறவன் எங்கே!

மாதத்தை மட்டும் பார்த்தும் தண்ணீரைச் சொல்லிவிட முடியாது. நூறு கிலோமீற்றருக்கு மேல் அகன்ற சுழல்கள் இந்தக் கடலில் திரிகின்றன. இடஞ்சுழியாகச் சுற்றுபவற்றின் நடுவே கடல்மட்டம் சற்றுத் தாழ்ந்து, அடியிலுள்ள குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலேறுகிறது. தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் இலங்கைக்குக் கிழக்கே உருவாகும் அத்தகைய பெருஞ்சுழலை 1998இல் கடலியலாளர்கள் வினயச்சந்திரனும் யமகாதாவும் ஆராய்ந்து எழுதினார்கள்; இலங்கைக் குவிமாடம் என்பது அதன் பெயர். அந்த நீர் மேலேறும் இடத்தில் நுண்பாசி பெருகும், அதைத் தின்ன மீன் கூடும். எரிபொருள் விலைக்கு அஞ்சிக் கரையில் படகை ஏற்றி வைத்திருப்பவனுக்கு இதைவிட வேண்டிய செய்தி எது?

ஆழ்கடல் சுழல்களைச் செயற்கைக்கோள்கள் கடல்மட்டத்தின் ஏற்றத்தாழ்வைக் கொண்டு காட்டிவிடுகின்றன. கரைக்கு அருகில் அந்த அளவீடு தடுமாறும். பத்து மீற்றர் ஆழமும் தேறாத இடங்கள் பலவுள்ள பாக்கு நீரிணைக்கு அதை மட்டும் நம்ப முடியாது. இங்கே கருவி இறக்கித்தான் அளக்க வேண்டும். எதிர்க்கரையில் கடலூரிலும் கல்பாக்கத்திலும் மேற்பரப்பு நீரோட்டத்தை அளக்க ராடார் வைத்திருக்கிறார்கள். ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் மீன் கூடக்கூடிய இடங்களைத் தமிழிலும் அறிவிக்கிறது. ஒரே கடலின் இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் நாங்கள்.

வானொலியில் காற்றின் திசையும் வேகமும் அலையின் உயரமும் எங்களுக்குக் கிடைக்கின்றன. அதற்கு நன்றி. அவற்றோடு தமிழில் இன்னொரு வரி சேருங்கள்: இன்று பருத்தித்துறைக்கு வெளியே தண்ணீர் எந்தப் பக்கம், எவ்வளவு வேகம். ராடாருக்குப் பணம் வரும்வரை, தண்ணீரோடு போய் அதன் போக்கைக் காட்டும் மிதவைகளையாவது கடலில் விடுங்கள்; கொண்டுபோய் விட எங்கள் படகுகள் இருக்கின்றன. அடுத்த ஐப்பசிக்குள் தொடங்குங்கள்.

கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, கயிறு சாயும் பக்கத்தைப் பார்த்துத் தண்ணீரைச் சொல்லும் முதியவர்கள் எங்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். உங்கள் ஆய்வாளர்கள் வந்தால் அவர்கள் வீடுகளுக்கு நானே அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
வடமராட்சி கிழக்குக் கடற்றொழிலாளியின் மகள்