வாய்க்கால் ஓரத் திடல் பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் கணக்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் திடல் வேலை முடிந்துவிட்டது. நடைபாதை, ஆறு விளக்குக் கம்பம், கழிப்பறை, குடிதண்ணீர்க் குழாய் எல்லாம் மதிப்பீட்டில் இருந்தபடியே நடந்தன. அதில் யாருக்கும் குறை இல்லை, எனக்கும் இல்லை. வடக்குப் பாதியில் தளம் போடாமல் மண்ணாகவே விட்டிருப்பது மறதியால் இல்லை. தை, மாசியில் நெல் காயவைக்க இடம் வேண்டும் என்று விவசாயிகள் முதல் கூட்டத்திலேயே கேட்டார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் என்ன பாடு என்று நமக்குத் தெரியும்.

கேள்வியெல்லாம் வாய்க்கால் ஓரத் தடுப்புச்சுவரைப் பற்றித்தான். நான்கு மாதத்தில் முடியவேண்டிய வேலை ஏன் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை இழுத்தது, கட்டிய சுவரை இடிக்கச் சொன்னது யார், அதில் ஊர்ப் பணம் எவ்வளவு போனது என்று கேட்கிறார்கள். டீக்கடையில் இதைவிடக் கடுமையாகவும் பேசினார்கள். என் காதில் விழுந்தது. அதனால் சுவரைப் பற்றி மட்டும் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஒப்பந்தக்காரரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. இது நமக்கு நாமே திட்டத்தில் நடந்த வேலை. மதிப்பீடு 24 லட்சம். மூன்றில் ஒரு பங்கான 8 லட்சத்தை நாம் வரைவோலையாகக் கட்டினோம், மீதி அரசுப் பணம். டெண்டர் விட்டது பேரூராட்சி. 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, தகுதி உள்ளவர்களில் குறைந்த விலை போட்டவருக்குத்தான் வேலை. இவர் மதிப்பீட்டைவிட 8 சதவீதம் குறைத்துப் போட்டிருந்தார். "நம்ம ஊர்க்காரருக்கே கொடுத்திருக்கலாமே" என்பவர்களுக்கு இதுதான் பதில்.

வாய்க்கால் ஓரமாக 48 மீட்டர் தடுப்புச்சுவர். அஸ்திவாரம் 1.20 மீட்டர் ஆழம் என்று மதிப்பீட்டில் இருக்கிறது. நம் மண் களிமண். சித்திரை வெயிலில் கை உள்ளே போகிற அளவுக்கு வெடிக்கும், தண்ணீர் பட்டால் உப்பும். அந்த வெடிப்புக்குக் கீழே அஸ்திவாரம் இறங்கவில்லை என்றால் சுவர் இரண்டு மூன்று வருடத்தில் வாய்க்கால் பக்கம் சாய்ந்துவிடும். பழைய சுவர் அப்படித்தான் போனது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொறியாளர் யாரும் இல்லாத நேரத்தில் கான்கிரீட் போட்டு மண்ணையும் மூடிவிட்டார்கள். கீழத்தெருவில் இருக்கும் நம் உறுப்பினர், ஓய்வுபெற்ற கொத்தனார், சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, காலையில வந்த ஜல்லிக்கு இந்த நீளம் கணக்கு வரலையே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்ததுதான் எல்லாம்.

மூன்று இடத்தில் குழி வெட்டிப் பார்க்க அனுமதி கேட்டோம். இளநிலைப் பொறியாளர் முன்னிலையில் வெட்டினோம். ரோட்டுப் பக்கக் குழியில் டேப் 1.15 காட்டியது. சரி, அதை ஒத்துக்கொள்ளலாம். நடுவில் 70 சென்டிமீட்டர். கடைசிக் கோடியில் 65. நடுக்குழியில் கொத்தனார் ஐயா கடப்பாரையைக் கான்கிரீட்டுக்கு அடியில் கொடுத்துச் சாய்த்தார். ஈரக் களி வழுக்கிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்த பிறகு நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?

ஒப்பந்தக்காரர், அளவு புத்தகத்தில் (முடிந்த வேலையை அளந்து அலுவலகத்தில் பதியும் புத்தகம்) ஏற்றியாகிவிட்டது, இனி பேச்சே இல்லை என்றார். மறுநாள் மிக்ஸரையும் ஆட்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனு கொடுத்தோம். பதில் வரவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் அளவு புத்தக நகல் கேட்டோம். 30 நாள் கெடு. 27ஆம் நாள் நகல் வந்தது. 48 மீட்டருக்கும் 1.20 என்றே எழுதியிருந்தது. அந்த நகலையும் குழிகளின் புகைப்படத்தையும் வைத்து மேல் அலுவலகத்துக்குப் போன பிறகுதான், குறைந்த பகுதியை எடுத்துவிட்டு மறுபடி கட்ட உத்தரவு வந்தது.

41 நாள் வேலை நின்றது. "தகவல் உரிமை போட்டதால்தான் நின்றது" என்கிறார்கள். ஆமாம், அதனால்தான் நின்றது. நிற்காமல் போயிருந்தால் 34 மீட்டர் சுவர் களிமேல் உட்கார்ந்திருக்கும்.

ஒப்பந்தக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லவேண்டும். அரசு வேலைக்கு ஜிஎஸ்டி 2022 ஜூலையில் 12லிருந்து 18 சதவீதம் ஆனது. பில் மாதக்கணக்கில் தாமதமாகிறது. 8 சதவீதம் குறைத்து வேலை எடுத்தவருக்கு எங்கேயாவது பிடிக்கத்தான் தோன்றும். ஆனால் அதை மண்ணுக்குள் பிடிக்கக் கூடாது. இடித்துக் கட்டும் செலவில் பாதியை ஊர் ஏற்கவேண்டும் என்றார். குழு ஒரே மனதாக மறுத்தது. முழுச் செலவும் அவருடையதுதான். இரண்டாம் முறை வந்த கொத்தனார்கள் நல்ல வேலைக்காரர்கள், ரசமட்டம் வைக்காமல் ஒரு வரிகூட ஏற்றவில்லை.

ஊருக்கு ஏற்பட்ட கூடுதல் செலவு தண்ணீரால் வந்தது. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தது. நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பில் பிரிந்து கோரையாறு வழியாக அந்த மாதக் கடைசியில் நம் வாய்க்காலுக்கும் வந்துவிட்டது. குறுவைக்கு வந்த தண்ணீரை நிறுத்தச் சொல்ல நமக்கு வாயும் இல்லை, மனமும் இல்லை. மணல் மூட்டை அடுக்கி, டீசல் இன்ஜின் வைத்து இறைத்துக்கொண்டே கட்டவேண்டியதாயிற்று. அதை ஒப்பந்தக்காரர் தலையில் கட்டப் பார்த்தோம், மதிப்பீட்டில் இல்லை என்று அலுவலகம் ஏற்கவில்லை. இங்கே குழு தோற்றது உண்மை.

வசூல் மொத்தம் 9,63,500 ரூபாய். பேரூராட்சிக்குக் கட்டியது 8,00,000. குழி வெட்டிய கூலி, மணல் மூட்டை, இன்ஜின் வாடகை, டீசல் சேர்த்து 38,400. பள்ளமான தென்மூலைக்கு மண் 12 டிப்பர், லோடு 4,500 வீதம் 54,000. மரக்கன்று, கூண்டு 27,000. பெயர்ப் பலகை 9,500. கையிருப்பு 34,600. ரசீதுக் கட்டும் பாஸ்புக்கும் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இருக்கின்றன, எந்த நாள் சாயங்காலமும் வந்து பார்க்கலாம்.

கொடுத்தவர்கள் பெயர் முழுவதும் பலகையில் இருக்கிறது. இங்கே போடவேண்டாம் என்று பலர் கேட்டதால் பெயரில்லாமல் நன்றி சொல்கிறேன். தெற்கு வீதி மளிகைக்கடை அண்ணன், அரிசி ஆலை முதலாளி, இரண்டு மருந்துக்கடைக்காரர்கள், சிங்கப்பூரிலும் குவைத்திலும் இருக்கும் மேலத்தெருப் பிள்ளைகள் பதினோரு பேர், பள்ளிவாசல் தெரு ஜவுளிக்கடை பாய், ஓய்வுபெற்ற தபால்காரர், உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள், ஆட்டோ நிறுத்தத்துத் தம்பிகள், பூக்கட்டும் அக்காமார் ஐந்து பேர், நடவுக்கூலியில் ஆளுக்கு 50 ரூபாய் எடுத்துவைத்த வடக்குத்தெருப் பெண்கள். அந்த 50 ரூபாய் நோட்டுகள் முடிச்சவிழ்த்த ஈரத்தோடு என் கைக்கு வந்தன. சுவர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

நவம்பர் கடைசி மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேறச் சுவரில் விட்ட துளைகள் எல்லாவற்றிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் போட்ட ஜல்லி தன் வேலையைச் செய்கிறது. தூக்குநூல் பிடித்தேன், சாய்வு இல்லை.

2018 கஜா புயலில் விழுந்த இரண்டு தூங்குமூஞ்சி மரங்களின் இடத்தில் பூவரசும் புங்கனும் வைத்திருக்கிறோம். மாசியிலிருந்து ஆடி வரை அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். திங்கள், வியாழன் கீழத்தெரு. செவ்வாய், வெள்ளி மேலத்தெரு. புதன், சனி வடக்குத்தெரு. ஞாயிறு குழுவினர். வாளிகள் கழிப்பறைக்குப் பின்னால் இருக்கின்றன, சாவி மளிகைக்கடையில்.

இப்படிக்கு,
செயலாளர்,
திடல் பராமரிப்புக் குழு