சேலத்துக்குச் சின்னச் சரக்கு விமானம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயணிகளை ஏற்றி ஓய்ந்த விமானங்களைச் சரக்கு நிறுவனங்கள் வாங்குகின்றன என்றதும், காயலான் கடைக்குப் போக வேண்டியதை மறுபடி பறக்க விடுகிறார்களே என்று பலர் பதறுகிறார்கள். பயணிகள் விமானம் நாள் முழுக்கப் பறந்தால்தான் கட்டுப்படியாகும், அதற்கு எரிபொருளை மிச்சப்படுத்தும் புது விமானம் வேண்டும். கூரியர் விமானம் அப்படியில்லை, பெரும்பாலும் ராத்திரியில் ஓரிரு நடை போய்வந்து பகலில் நிற்கும், அதனால் வாங்கும் விலை குறைவாக இருப்பதுதான் அதற்கு முக்கியம். அமெரிக்கக் கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸ் தன் பழைய போயிங் 727களை விலக்கியபோது, பயணிகள் சேவையில் இருந்த 757களை வாங்கி மாற்றித்தான் அந்த இடத்தை நிரப்பியது. சென்னையை மையமாகக் கொண்டு பறக்கும் ப்ளூ டார்ட் கூரியர் நிறுவனத்தின் 757களும் முன்பு பயணிகளைச் சுமந்தவைதான். இருக்கைகளைக் கழற்றி, ஜன்னல்களை அடைத்து, தரையைப் பலப்படுத்தி, இடப்பக்கம் முன்னால் பெரிய கதவு வைப்பார்கள். மாதக்கணக்கில் நடக்கும் வேலை அது.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2025 நவம்பரில் அமெரிக்காவின் லூயிவில்லில் விழுந்த யூபிஎஸ் கூரியர் நிறுவனத்தின் சரக்கு விமானம் 34 வருடப் பழசு, அதுவும் பயணிகள் விமானமாக இருந்து மாறியதுதான், கிளம்பும்போதே இடது இன்ஜின் பிய்ந்து விழுந்தது. வயது ஏற ஏறச் சோதனையும் இறுக வேண்டும், அதில் யாருக்கும் சலுகை கூடாது.

சரி, நம்ம ஊருக்கு வருகிறேன். சேலம் விமான நிலையம் இருக்கிற காமலாபுரத்தில் ஓடுதளத்தின் நீளம் 1,806 மீட்டர். முழுச் சுமையோடு போயிங் 737 சரக்கு விமானத்துக்கு இது பத்தாது, உடனே ஓடுதளத்தை நீட்டு, நிலத்தை எடு என்கிறார்கள். பக்கத்து ஊர்களான பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி விவசாயிகள் வருடக்கணக்காக அந்தப் பயத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் பயணிகளோடு இங்கே வந்து போகிற ஏடிஆர் 72 என்ற சின்ன விமான ரகத்திலேயே சரக்கு விமானமும் உண்டு, பழைய பயணிகள் ஏடிஆர்களையும் அப்படி மாற்றுகிறார்கள், சுமார் 8 டன் ஏற்றலாம். அதற்கு ஒரு சென்ட் நிலம்கூடப் புதிதாக வேண்டாம்!

ஏற்காடு காபிக்கும் ஜவ்வரிசிக்கும் விமானம் தேவையில்லை, அவை லாரியிலும் கப்பலிலும் நிதானமாகப் போகட்டும். விடியற்காலையில் பறிக்கிற குண்டுமல்லிதான் காத்திருக்காது. பெங்களூருக்கு லாரியே போதும், நாலு மணி நேரப் பாதைதான். மும்பைக்கும் ஐதராபாத்துக்கும் அன்றைக்கே பூ போய்ச் சேர வேண்டுமென்றால் இங்கிருந்தே ஏற்ற வேண்டும், மொட்டு வண்டியிலேயே விரிந்துவிட்டால் விலை பாதிகூடத் தேறாது. பூ மட்டும் தினமும் 8 டன் சேருமா என்று கேட்டால், எல்லா மாதமும் சேராது. வெள்ளிக் கொலுசு, மாம்பழ சீசனில் மல்கோவா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும், திரும்பி வரும்போது கூரியர் பார்சலும் மருந்தும் வேண்டும். போகும்போது நிறைந்து வரும்போது காலியாக வந்தால் எந்தக் கம்பெனியும் நீடிக்காது.

முதலில் காமலாபுரத்தில் பூ வாடாமல் இருக்க ஒரு குளிர் அறையும், சரக்கைச் சோதிக்க ஒரு ஸ்கேனரும் உறுதி செய்யுங்கள். அப்புறம் விமான நிலைய ஆணையமும் மாவட்ட நிர்வாகமும் வ.உ.சி. பூ மார்க்கெட் வியாபாரிகளையும் கொலுசுப் பட்டறைக்காரர்களையும் கூரியர் நிறுவனங்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து, மாதாமாதம் எத்தனை டன் வரும், கிலோவுக்கு எவ்வளவு வரை கொடுக்க முடியும் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்தக் கணக்கு கைக்கு வரும்வரை நிலத்துக்கு நோட்டீஸ் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
ஓமலூர் வாசகர்